ஆறு மணி நேரத்துக்கு என்ன பாடுவது? பீட்டில்ஸின் ஹாம்பர்க் நாட்கள்

1960 டிசம்பர் 27. லிவர்பூலுக்கு வடக்கே லிதர்லாந்து டவுன் ஹாலில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு நடன நிகழ்ச்சி. ‘ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதனால் வந்திருந்த இளசுகளில் பலர், மேடையேறப் போகிறவர்கள் ஜெர்மன்காரர்கள் என்றே நினைத்துவிட்டார்கள். திரை விலகியது. பால் மெக்கார்ட்னி தொண்டை கிழிய முதல் பாட்டை எடுத்தார். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடியது. நிகழ்ச்சி முடிந்ததும், இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்களே என்று அவர்களிடமே ஆச்சரியப்பட்டவர்களும் உண்டு. பீட்டில்ஸ் பிறந்து வளர்ந்த ஊர், அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் இதே பையன்களை அந்த ஊரில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. இடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். இசைக்குழுக்கள் அதை ‘ரெசிடென்சி’ என்பார்கள். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று அலைவது டூர். ஒரே கிளப்பில், ஒரே மேடையில், வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தினமும் வாசிப்பது ரெசிடென்சி. பெயர்தான் கௌரவம். 1960இல் ஹாம்பர்க்கில் கிடைத்த ரெசிடென்சி கிட்டத்தட்ட ஷிஃப்ட் வேலை: மாலையில் ஏறி, நள்ளிரவு தாண்டி இறங்கி, தூங்கி எழுந்து மறுபடி ஏறுவது.

முதலில், இவர்கள் யார்? 1956 வாக்கில் இங்கிலாந்தில் ‘ஸ்கிஃபிள்’ என்று ஒரு பித்து பரவியது. ஒரு மலிவான கிட்டார், தாளத்துக்குத் துணி துவைக்கும் பலகை, பேஸ் என்ற கீழ் ஸ்தாயி ஒலிக்குத் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பும் கயிறும். நான்கு ‘கார்டு’, அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள், தெரிந்தால் போதும், குழு தயார். லிவர்பூலில் ஜான் லெனன் தன் பள்ளி நண்பர்களோடு அப்படி ஆரம்பித்ததுதான் ‘குவாரிமென்’, பின்னாளின் பீட்டில்ஸ். 1957 ஜூலை 6 அன்று உல்டன் என்ற பகுதியில் ஒரு தேவாலயத் திருவிழாவில் அவர்கள் வாசித்தபோதுதான் பால் அறிமுகமானார். அவர் மூலமாக மறு வருடம் ஜார்ஜ் ஹாரிசன் வந்தார். கலைக் கல்லூரியில் லெனனோடு படித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், தன் ஓவியம் ஒன்று விற்ற பணத்தில் பேஸ் கிட்டார் வாங்கிக்கொண்டு சேர்ந்தார். நல்ல ஓவியர். பேஸ் வாசிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

டிரம்மர் நிலைக்கவே இல்லை. வருவார்கள், போவார்கள். 1960 மே மாதத்தில் ஒரு பாடகருக்குப் பின்னணிக் குழுவாக ஸ்காட்லாந்து சுற்றி வந்ததுதான் அதுவரை அவர்களின் பெரிய சாதனை.

அப்போது லிவர்பூலில் ஜக்கரண்டா என்ற காபி பார் நடத்திக்கொண்டிருந்த ஆலன் வில்லியம்ஸ், குழுக்களுக்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் தரகராகவும் இருந்தார். ஹாம்பர்க்கில் கிளப் நடத்திய புருனோ கோஷ்மிடரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. முதலில் டெரி அண்ட் த சீனியர்ஸ் என்ற குழுவை அனுப்பினார். அது சரிப்பட்டு வரவே, இன்னொரு குழு வேண்டும் என்று கேட்டார் கோஷ்மிடர். கையில் வேறு நல்ல குழு காலியாக இல்லை. சரி, இவர்களை அனுப்பலாம் என்று முடிவானது. செய்தி ஹாம்பர்க்குக்கு எட்டியதும் சீனியர்ஸ் பதறிப்போனார்களாம்: இந்தச் சொத்தைக் குழுவை அனுப்பினால் எல்லோர் பிழைப்பும் கெடும் என்று. வில்லியம்ஸ் பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால் அவசர அவசரமாக ஒரு டிரம்மரைப் பிடித்தார்கள். வீட்டு நிலவறையில் காஸ்பா என்ற காபி கிளப் நடத்திய மோனா பெஸ்டின் மகன் பீட் பெஸ்ட். ஆகஸ்ட் 12 அன்று சேர்ந்தார், 16 அன்று வேனில் ஏறினார்.

ஹாம்பர்க்குக்கு ஏன் லிவர்பூல் பையன்கள்? அது பெரிய துறைமுகம். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளின் காசை நம்பியே சங்க்ட் பவுலி என்ற பகுதி வாழ்ந்தது. அதன் பிரதான வீதி ரேப்பர்பான். பழைய காலத்தில் கப்பலுக்குக் கயிறு திரித்த இடம், பெயரின் பொருளும் அதுதான். 1960இல் அங்கே மதுக்கூடம், ஆடை அவிழ்ப்பு நடனம், பாலியல் தொழில் எல்லாம் வரிசையாக இருந்தன. அமெரிக்க ராக் அண்ட் ரோலுக்கு நல்ல கிராக்கி. ஆனால் அமெரிக்கக் குழுவை வரவழைத்துக் கட்டுப்படியாகாது. ஆங்கிலத்தில் பாடுகிற, கூலி குறைந்த குழு வேண்டும். லிவர்பூலில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள். பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. லெனன் வயதுக்காரர்களை யாரும் இரண்டு வருடம் முகாமுக்கு இழுத்துப் போகவில்லை. நாலைந்து பேர் பிரியாமல் ஒரு குழுவாக இருக்க முடிந்ததற்கு இது முக்கியமான காரணம். பேசப்படாத காரணமும்கூட.

ஆகஸ்ட் 17 அன்று போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் இந்திரா கிளப். குரோஸே ஃப்ரைஹைட் தெருவில் 64ஆம் எண். நம் இந்திரன் பெயரேதான்; தெருவின் மேலே தொங்கிய பெயர்ப் பலகையில் ஒரு யானையும் இருந்தது. ஐராவதத்தை நினைத்து வைத்தார்களோ, இந்தியா என்றாலே யானை என்று வைத்தார்களோ, தேவலோகத்தின் சாயல் அங்கே கொஞ்சமும் இல்லை. அதுவரை ஆடை அவிழ்ப்பு நடனம் நடந்துகொண்டிருந்த, ஆள் வராத ஒரு சின்னக் கூடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மார்க் சம்பளம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டரை பவுண்டு.

ஒப்பந்தத்தில் இருந்த நேரத்தைப் பாருங்கள். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி, ஞாயிறில் ஆறு மணி நேரம். நடுநடுவே அரை மணி இடைவேளை, அது கணக்கில் சேராது. விடுமுறை நாள் என்று ஒன்று இல்லை. வாரத்துக்கு முப்பத்துநாலரை மணி நேரம் மேடையில். ஊரில் ஒரு நிகழ்ச்சிக்கு மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம் வாசித்துப் பழகியவர்கள் இவர்கள். அன்றைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று இரண்டரை நிமிடம்தான் ஓடும். நாலரை மணி நேரத்தை அப்படிப்பட்ட பாட்டுகளாலேயே நிரப்பினால் நூறு பாட்டுக்கு மேல் வேண்டும்.

நூறு பாட்டுக்கு எங்கே போவது? இந்த நெருக்கடியிலிருந்துதான் பீட்டில்ஸ் உருவானார்கள் என்பேன்.

அவர்கள் கண்ட முதல் வழி நீட்டுவது. ரே சார்ல்ஸின் ‘வாட்’ட் ஐ சே’ போன்ற பாட்டில் பாடகர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆட்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். நீட்டும்போது வெறுமனே திரும்பத் திரும்ப வாசிக்க முடியாது, சத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும், எங்கே வெடிக்க வேண்டும் என்பதற்குக் கண்ஜாடை வேண்டும். அந்தப் பழக்கம் ஒத்திகை அறையில் வராது.

இன்னொரு வழி, கிடைத்ததையெல்லாம் பாடுவது. அப்போது அவர்கள் பாடியவை பெரும்பாலும் ‘கவர்’, அதாவது பிறர் பாடிப் பதிவுசெய்த பாட்டுகள். எல்லாக் குழுவும் அதைத்தான் செய்தது, ஆனால் எல்லோரும் ஒரே ஹிட் பாட்டுகளைப் பாடினார்கள். இவர்கள் இசைத்தட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, யாரும் கண்டுகொள்ளாத பாட்டுகளைக் கற்றார்கள். அமெரிக்கப் பெண்கள் குழுக்களின் பாட்டு, நாடக மேடைப் பாட்டு, ஸ்பானிய மெட்டு, ஜெர்மன் நடிகை மார்லீன் டீட்ரிச் பாடிய பழைய திரைப்பாட்டு என்று ஒன்றையும் விடவில்லை. இசை நாடகத்திலிருந்து எடுத்த ‘டில் தேர் வாஸ் யூ’ என்ற மென்மையான காதல் பாட்டு அவர்களின் மேடைப் பட்டியலில் வருடக்கணக்கில் இருந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில், ஏழு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதையும் பாடினார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெற்றோருக்கும் ஒரு பாட்டு வேண்டுமே.

அப்புறம் குரல். அந்தக் காலக் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: கிளிஃப் ரிச்சர்ட் அண்ட் த ஷேடோஸ், ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிகேன்ஸ். முன்னால் ஒரு நாயகன், பின்னால் வாத்தியக்காரர்கள். ஒரே ஆள் இரவு முழுக்கப் பாடினால் இரண்டாம் வாரம் தொண்டை போய்விடும். பீட்டில்ஸில் ஜான், பால், ஜார்ஜ் மூவருமே பாடினார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் இன்னொருவர், இருவர் சேர்ந்து, மூவர் சேர்ந்து. இதில் ‘யாருக்குப் பின்னணி?’ என்ற கேள்விக்கே இடமில்லை. பிற்காலத்தில் உலகம் மெச்சிய அந்தக் கூட்டுக்குரல் அழகுக்காக மட்டும் வந்ததில்லை, தொண்டையைக் காப்பாற்றவும் வந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் ஆரம்ப நாட்களில் அசையாமல் நின்று வாசித்தார்கள். கோஷ்மிடருக்குப் பொறுக்கவில்லை. ‘மாக் ஷௌ!’ என்று கீழேயிருந்து கத்துவார். ஆட்டம் காட்டுங்கடா என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் போகிறவனை உள்ளே இழுத்து, பீர் வாங்க வைத்து, வெளியே போகாமல் உட்கார வைப்பதுதான் குழுவின் வேலை. இசை அதற்குக் கருவி, அவ்வளவுதான். பையன்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். லெனன் நொண்டுவார், தரையில் உருளுவார், கூட்டத்தைப் பார்த்துக் கண்டபடி திட்டுவார். பீட் பெஸ்ட் பேஸ் டிரம்மை மிதித்துத் தள்ளுவார். மேடைப் பலகையில் எல்லோரும் காலால் தட்டித் தட்டியே தாளத்தைப் பெரிதாக்கினார்கள். கூட்டத்திடம் தானாக வரும் மரியாதை கிடையாது. குடித்துவிட்டு அடிதடியில் இறங்குவதும் கண்ணீர்ப்புகை அடிப்பதும் அங்கே சகஜம். விழித்திருக்க, பசியை அடக்கும் இளைப்பு மாத்திரையான பிரெலுடினைப் பீரோடு விழுங்கும் பழக்கமும் சீக்கிரமே வந்தது. இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பதினேழிலிருந்து இருபது வயது வரையிலான பையன்களைத் தூங்க விடாமல் வேலை வாங்கியதன் விளைவு என்பதுதான் நேரான விவரணை.

தங்க இடம்? பாம்பி கீனோ என்ற பழைய சினிமா கொட்டகையின் திரைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இரண்டு பொந்துகள். பக்கத்திலேயே கழிப்பறை. பார்வையாளர் கழிப்பறைக் குழாயில்தான் முகம் கழுவவேண்டும். பகல் காட்சியின் வசனச் சத்தம்தான் அலாரம்.

இந்திராவில் 48 இரவுகள். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் செய்ய, அங்கே இசையை நிறுத்திவிட்டு, அதே தெருவில் இருந்த தன் பெரிய கிளப்பான கைசர்கெல்லருக்கு இவர்களை மாற்றினார் கோஷ்மிடர். அங்கே ரோரி ஸ்டார்மின் குழுவோடு மாறி மாறி மேடையேற வேண்டும். அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். லிவர்பூலில் தூரத்திலிருந்து பார்த்தவரோடு இங்கே நட்பு பிடித்தது. அக்டோபர் 15 அன்று ஓர் உள்ளூர் ஸ்டுடியோவில் ரோரியின் குழுவிலிருந்த ஒரு பாடகருக்காக ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசித்துப் பதிவுசெய்தார்கள். பிற்காலத்தில் உலகமே அறிந்த அந்த நால்வர் ஒன்றாக வாசித்த முதல் பதிவு அதுதான். பீட் பெஸ்ட் அன்றைக்கு அங்கே இல்லை.

கைசர்கெல்லரில்தான் வேறொரு வகை ரசிகர்கள் வந்தார்கள். கிளவுஸ் ஃபோர்மன் என்ற ஓவியக்கலை மாணவர் தெருவில் நடந்துபோகும்போது கீழேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு இறங்கிவந்தார். மறுமுறை தோழி ஆஸ்ட்ரிட் கிர்ஷெரையும் நண்பர் யூர்கன் ஃபோல்மரையும் கூட்டி வந்தார். கறுப்பு உடை, பிரெஞ்சு இலக்கியம் என்று திரிந்த நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். ரேப்பர்பானில் கால்வைப்பதே அவர்களுக்குத் துணிச்சல். ஆஸ்ட்ரிட் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அந்த நாட்களின் முகமாக இன்றும் நமக்குத் தெரிகின்றன. அவருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் காதல், நவம்பரில் நிச்சயதார்த்தம். எண்ணெய் தடவித் தூக்கிச் சீவிய முடியை முன்னால் தொங்கவிட்ட முதல் ஆள் ஸ்டூவர்ட்தான். மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். ஜானும் பாலும் அந்த வெட்டுக்கு மாறியது 1961 அக்டோபரில் பாரிஸில், வெட்டியவர் ஃபோல்மர்.

முதல் பயணம் முடிந்த விதம் படுமோசம். டாப் டென் என்ற போட்டி கிளப்புக்கு மாறப் பார்த்தார்கள். கோஷ்மிடருக்குக் கோபம். ஜார்ஜுக்கு வயது 17. பதினெட்டு நிரம்பாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கிளப்பில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இத்தனை நாள் கண்ணில் படாத அந்த வயது திடீரென்று காவல்துறைக்குத் தெரியவந்து, நவம்பர் 21 அன்று அவர் வெளியேற்றப்பட்டார். அடுத்து, பாம்பி கீனோவைக் காலி செய்யும்போது பாலும் பீட்டும் இருட்டில் வெளிச்சத்துக்காக ஓர் ஆணுறையைச் சுவரில் மாட்டிக் கொளுத்த, கொட்டகைக்குத் தீ வைக்கப் பார்த்ததாகப் புகார். இரவு காவல் நிலையத்தில், மறுநாள் விமானத்தில். ஜான் டிசம்பரில் தனியாக வீடு திரும்பினார். ஸ்டூவர்ட் காதலியோடு தங்கிவிட்டார். காசும் இல்லை, மானமும் போனது. அதற்குப் பிறகு மூன்றே வாரத்தில்தான் அந்த லிதர்லாந்து இரவு.

மற்ற நான்கு பயணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961 ஏப்ரல் முதல் மூன்று மாதம் டாப் டென்னில், தினமும் ஏழு, எட்டு மணி நேரம். ஸ்டூவர்ட் ஓவியத்துக்கே திரும்பிவிட, பேஸ் பாலின் தலையில் விழுந்தது. இடக்கை வாத்தியக்காரருக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்று வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் ஒன்றை அங்கேயே வாங்கினார். இன்றுவரை அவருடைய அடையாளம் அது. டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணியாக ‘மை போனி’ என்ற இசைத்தட்டில் வாசித்தார்கள். ஊரில் அந்தத் தட்டு வேண்டும் என்று கடைக்கு வந்தவர்களால்தான் தன் கவனம் இவர்கள்மேல் திரும்பியது என்று பிரையன் எப்ஸ்டீன் எழுதியிருக்கிறார். இசைத்தட்டுக் கடை நடத்திய அவர்தான் பிறகு மேனேஜரானார். அவர் இவர்களை முதலில் பார்த்த கேவர்ன் கிளப்பும் ஒருவகை ரெசிடென்சிதான்: மேத்யூ தெருவில், காற்று வராத, சுவரெல்லாம் ஈரம் வழியும் நிலவறை, மதிய உணவு இடைவேளையில் அலுவலகப் பெண்கள் வந்து கேட்கும் கச்சேரி.

1962 ஏப்ரலில் ஸ்டார் கிளப் திறப்புக்காக ஹாம்பர்க் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆஸ்ட்ரிட் காத்திருந்தார். ஸ்டூவர்ட் அதற்கு முந்தைய நாள் மூளையில் ரத்தக்கசிவால் இறந்திருந்தார். வயது 21.

ஐந்து பயணங்களையும் கூட்டினால் சுமார் 270 இரவுகள். எதிலும் மேதையாகப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று ஒரு பேச்சு பிரபலம், அதற்கு ஹாம்பர்க்கை உதாரணம் காட்டுவார்கள். பெருக்கிப் பார்த்தாலே தெரியும்: 270 இரவும் எட்டு மணி நேரம் வாசித்திருந்தால்கூட 2,160 மணி நேரம்தான் வரும், உண்மையில் அவ்வளவும் இல்லை. தவிர, அதே மேடைகளில் அதே நேரம் வாசித்த வேறு லிவர்பூல் குழுக்கள் எத்தனையோ. ரோரி ஸ்டார்ம் இவர்களைவிட அதிகச் சம்பளம் வாங்கியவர். நேரம் எல்லோருக்கும் கிடைத்தது. அதை நிரப்ப, தெரிந்த பாட்டையே திரும்பப் பாடாமல் புதிதாகத் தேடிப் போனவர்கள் குறைவு.

1962 டிசம்பரில் கடைசிப் பயணம். சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டான ‘லவ் மீ டூ’ வெளியாகியிருந்தது, பீட்டின் இடத்தில் ரிங்கோ வந்துவிட்டார், போக யாருக்கும் மனமில்லை. பழைய ஒப்பந்தம் என்பதால் போனார்கள். அந்த இரவுகளில் ஒருவர் சாதாரண வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்தது 1977இல் வெளிவந்தது. முதல்முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றம்தான்: குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இரண்டாவது முறை கேட்டபோதுதான் வேகம் உறைத்தது. ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. மார்லீன் டீட்ரிச்சின் பாட்டை ஓட்டப் பந்தயம் போலப் பாடுகிறார் பால். நடுவில் கிளப்பை நடத்தியவர்களில் ஒருவரே மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடுகிறார். குழு அசராமல் வாசிக்கிறது.

ஆறு வாரம் கழித்து, 1963 பிப்ரவரி 11. லண்டனில் ஈஎம்ஐ ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இவர்களின் முதல் ஆல்பத்தைக் கேவர்னிலேயே பதிவுசெய்யலாமா என்று யோசித்தவர். அந்த நிலவறை ஒலிப்பதிவுக்கு ஒத்துவராததால், மேடையில் பாடுவதை அப்படியே ஸ்டுடியோவில் பாடச் சொன்னார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். மதியம் ஊழியர்கள் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் பையன்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே நாளில் பத்துப் பாட்டு, அதில் ஆறு கவர். லெனனுக்கு அன்று சளி. அதனால் தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’டைக் கடைசிக்கு வைத்தார்கள். மணி இரவு பத்தைத் தாண்டியபோது அதை எடுத்தார்கள். முதல் முறை பாடியதுதான் ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது முறையும் முயன்றார்கள், குரல் போயிருந்தது.